ஹீட்டரை அணைத்த நாத்தனார்

தெருவே அவளை ஐஸக்கா என்றுதான் கூப்பிட்டது. பழக்கூடைகளை அடுக்கி வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் வேலை. வெளியே வெயில் அடித்தாலும் அவளுக்குக் கம்பளிக் குல்லாயும் இரட்டைக் காலுறையும்தான். அதனால்தான் பழைய ஜன்னல்களைச் சல்லிசாக வாங்கி, கொல்லையில் ஒரு கண்ணாடி வீடு கட்டிக்கொண்டாள். செடி வளர்க்க என்று எல்லாரிடமும் சொன்னாள். ஹீட்டரைப் போட்டுக் காலை நீட்டி உட்காரத்தான் என்பது பஸ் ஓட்டும் கணவருக்குத் தெரியும்.

சொன்ன வாய்க்குச் செடியும் வேண்டுமே. நர்சரிக்காரர் சில ஆர்க்கிட் தொட்டிகளைக் காட்டினார்.

"இது குளிர் தாங்கும்மா. லேசுல சாகாது."

பாவம், இதுவும் நம்மைப் போலக் குளிரைத் தாங்கிக்கொண்டிருக்கிற ஜென்மம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அத்தனை தொட்டிகளும் வீட்டுக்கு வந்தன.

பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். மண்ணுக்குப் பதிலாக மரப்பட்டைத் துண்டுகள் போட்டாள். இலைகளை ஈரத்துணியால் துடைத்தாள். ஹீட்டரை இரவு பகலாக ஓடவிட்டாள். இலைகள் வாள் வாளாக நீண்டன. பூ மட்டும் வரவில்லை. வருகிற முளையெல்லாம் தட்டையாகக் கிளம்பி இலையாகவே விரிந்தது.

"வெங்காயத்தாள் நல்லா வந்திருக்கு" என்றார் கணவர். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

இப்படியே சில வருடங்கள் போயின. ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் அவருடைய தங்கை பெட்டியோடு வந்து இறங்கினாள். அவள் வீட்டுக் கூரையைப் பிரித்து வேலை நடந்துகொண்டிருந்தது. ரொட்டிக்கடை அடுப்படியில் வெந்து வருகிறவளுக்கு, அண்ணி மூடிவைத்த அறைகளில் மூச்சு முட்டியது.

"அண்ணி, நான் கண்ணாடி வீட்டுல கட்டில் போட்டுக்கறேனே."

"தாராளமா படு. ஹீட்டர் இருக்கு, கதகதன்னு தூங்கலாம்."

நாத்தனார் தலையாட்டினாள்.

ரொட்டிக்கடைக்கு விடிவதற்கு முன்பே போய்விடுவாள். கடைக்கு விடுமுறையான ஒரு காலையில் ஐஸக்கா காபியோடு உள்ளே போனாள். மேல் ஜன்னல்கள் அகலத் திறந்து கிடந்தன. ஹீட்டர் சில்லென்று இருந்தது. மெல்லிய போர்வைக்குள் நாத்தனார் சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"வந்த நாள்லேர்ந்து, அண்ணி. போறப்போ ஜன்னலைச் சாத்திட்டு ஹீட்டரைப் போட்டுட்டுத்தான் போவேன்."

ஐஸக்கா காபியைக் கீழே வைத்தாள். செடிகள் செத்திருக்கும் என்று தொட்டிகளிடம் ஓடினாள். இலைகளை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அடியில் புதிதாக ஒரு முளை. விரலால் தொட்டாள். தட்டையாக இல்லை, உருண்டு திரண்டிருந்தது. பக்கத்துத் தொட்டியிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும்.

குல்லாயைக்கூடச் சரிசெய்யாமல் நர்சரிக்குப் போனாள்.

"ராத்திரி நல்லாக் குளிர்ந்தாத்தாம்மா இது மொட்டு வைக்கும். உறைஞ்சு போகாம மட்டும் பாத்துக்குங்க" என்றார் அவர். "நீங்க என்ன செஞ்சீங்க?"

"கம்பளி போர்த்தாத குறைதான்" என்றாள் ஐஸக்கா. இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் ஹீட்டரைத் தூக்கித் தன் படுக்கையறையில் வைத்துக்கொண்டாள். கணவர் பனியனோடு ஹாலுக்குக் குடிபெயர்ந்தார்.

கூரை வேலை முடியப்போகிறது என்று சேதி வந்தபோது ஐஸக்காவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

"மேஸ்திரியைக் கொஞ்சம் மெதுவாச் செய்யச் சொல்லேன். பூ விரியறதைப் பாத்துட்டுப் போ."

"அவர் எப்பவும் மெதுவாத்தான் செய்வார் அண்ணி, நாம சொல்லவே வேண்டாம்."

பூக்கள் விரிந்தன. பச்சை கலந்த மஞ்சள். நாக்குப் போன்ற இதழில் குங்குமப் பொட்டுகள். கணவர் இந்த முறை வாயைத் திறக்காமல், தண்டு சாயாதிருக்கக் குச்சி நட்டுக் கட்டிக்கொடுத்தார். வாரக்கணக்கில் வாடாத அந்தப் பூக்களுக்கு முன்னால், ஒருத்தி சால்வைக்குள் முடங்கிக்கொண்டும் இன்னொருத்தி விசிறிக்கொண்டும், தினமும் சாயங்காலம் அரட்டையடித்தார்கள்.