இரண்டு இன்ச் போதும் என்றாள் அம்மா

ரவிக்கைக்கு அளவெடுக்கிற இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அம்மா கொட்டிவாக்கம் ஒர்க்‌ஷாப்பில் வந்து இறங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மறந்துபோய் மாட்டிக்கொண்டு வந்ததில்லை, வேண்டுமென்றேதான். மயிலாப்பூரில் முப்பது வருஷம் ஊரார் ரவிக்கைகளைத் தைத்தவள். என் ஜீப்புக்கும் தானே அளவெடுப்பதாகச் சொல்லிவிட்டாள்.

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் அடையாறில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினாலும் மூச்சு முட்டும். அதற்கு முந்தின வருஷ மழையில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றபோது, அண்ணனும் பக்கத்து வீட்டு ஆட்களும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவே பால்கனியில் நின்று பார்த்தது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. "இனிமே என்னைச் சாமி மாதிரி எவனும் தூக்கக் கூடாது. நானே ஏறுவேன், நானே இறங்குவேன்" என்றாள். மழைக்காலத்தில் ஆஸ்பத்திரி பக்கமே ஒரு ரூம் எடுத்துத் தங்கலாமே என்றான் அண்ணன். "ஏன், என் வீடு எங்க ஓடிப்போச்சு?" என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

நான் அவசரக்காரி. வெள்ளத்திலும் அவளை ஜீப்பில் கூட்டிப்போகலாம் என்று, யாரையும் கேட்காமல், கடையில் இருந்ததிலேயே பெரிய டயரை வாங்கி மாட்டினேன். அது உள்ளே இடிக்காமல் இருக்க ஜீப்பின் பாடியை நாலு இன்ச் தூக்கவும் செய்தேன். பார்வைக்குக் கம்பீரமாகத்தான் நின்றது. ஆனால் அம்மாவால் அதில் ஏற முடியவில்லை. மெதுவாக ஓட்டினால் என்ஜின் திணறித் திணறி நின்றது. வெள்ளத்தின் நடுவில் அப்படி நின்றால் கதை கந்தல்தான். அந்த லட்சணத்தைச் சரிசெய்யத்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம்.

"இன்னாம்மா, எந்த மலைக்குப் போவப் போறீங்கோ?" என்று சிரித்தார் மெக்கானிக்.

"மயிலாப்பூர்லேர்ந்து அடையாறுக்கு" என்றாள் அம்மா. அவர் சிரிப்பு அத்தோடு நின்றது.

டயர் பெரிதானால் அதைச் சுழற்ற என்ஜின் திண்டாடும், முன் ஆக்சில் பின் ஆக்சில் இரண்டிலும் உள்ளே இருக்கிற கியர் பல்சக்கரங்களையே கழற்றி வேறு மாற்றினால்தான் வண்டி தண்ணீரில் நிற்காமல் ஊர்ந்து போகும் என்று அவர் விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அம்மாவுக்கு முழுதாகப் புரிந்துவிட்டது. "ரவிக்கையில உடம்பை மட்டும் லூசாக்கிட்டு அக்குளை அப்படியே விட்டா, கையைத் தூக்க முடியுமாடி? ரெண்டையும் சேத்துதான் மாத்தணும்."

"அதேதான் மேட்டரு!" என்றார் மெக்கானிக்.

பிறகு அம்மா தரையிலிருந்து படி வரைக்கும் டேப் பிடித்தாள், தன் கால் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்றும் அளந்தாள். "ரெண்டு இன்ச் தூக்கினா போதும். டயர் ஒரே ஒரு சைஸ் பெருசு. கியரை மாத்திடுங்க."

"தண்ணி அதுக்கும் மேல ஏறிச்சுன்னா?" என்றேன் நான்.

"அப்போ பாத்துக்கலாம். ஏறவே முடியாத வண்டி எனக்கெதுக்கு?"

என் பெரிய டயர்கள் ஒர்க்‌ஷாப் மூலையிலேயே கிடந்தன. வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த வருஷமும் மழை விடவில்லை. தெருவில் மறுபடி தண்ணீர் நின்ற ஒரு டயாலிசிஸ் நாள் காலையில் அண்ணன் நாற்காலியோடு வந்து நின்றான். "அதுல நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்துத் தானே ஏறினாள் அம்மா. முதல் கியரில், ஒரு இடத்தில்கூட நிற்காமல், மந்தைவெளியைத் தாண்டி அடையாறு போய்ச் சேர்ந்தோம்.

டயாலிசிஸ் வார்டில் கட்டில்கள் எல்லாம் காலி. வேறு ஒருவர்கூட வந்திருக்கவில்லை.

"மத்தவங்கல்லாம் எங்கம்மா?" என்று நர்ஸைக் கேட்டாள் அம்மா.

"ரோடெல்லாம் தண்ணி. ஃபோன் மேல ஃபோன் பண்றாங்க. வர வழியில்லை பாட்டிம்மா."

அம்மா ஊசிக்குக் கையை நீட்டினாள். "எனக்கு நாலு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் இவ இங்க சும்மாதானே உக்காந்திருக்கப் போறா? அட்ரஸ் குடு."

அன்றைக்கு மூன்று பேரைக் கொண்டுவந்து சேர்த்தேன்.

அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. இனி அந்த வண்டி எதற்கு, விற்றுவிடு என்கிறான் அண்ணன். விற்க மாட்டேன். மழை எச்சரிக்கை வந்தால் முதல் வேலையாக அந்த வார்டுக்கு ஃபோன் போட்டு, யார் யாரை எங்கிருந்து கூட்டிவர வேண்டும் என்று கேட்கிறேன்.