டோர்தே குடித்த மோர்

ஏரோ தீவின் படகுத்துறையில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த டோர்தேக்கு மூன்றாவது தடவையாகக் கரு நின்றபோது வயது முப்பத்தொன்பது. முதல் இரண்டும் தங்கவில்லை. புருஷன் வெர்னர் படகுத் தச்சன். அவனுக்குக் கூடப்பிறந்தவள் ஒரே அக்கா, அஸ்டா. தாய் சின்ன வயதிலேயே போய்விட, பன்னிரண்டு வயது மூத்த அஸ்டாதான் தம்பிக்கு ரொட்டி வெட்டிக் கொடுத்து ஆளாக்கியவள்.

இரண்டாவது கரு கலைந்ததற்கு முந்தின நாள், உருளைக்கிழங்கு பிடுங்க ஒத்தாசைக்கு வரச் சொல்லி டோர்தேயைக் கூப்பிட்டவளும் அஸ்டாதான். கிழங்கு பிடுங்கியதால் ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டரே சொன்னார். ஆனாலும் தன்னால்தான் போயிற்று என்று மருகி, அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வரைக்கும் அஸ்டா தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. டோர்தே எதிரே வந்தால்கூட சைக்கிளை வேறு தெருவில் திருப்பிக்கொண்டு போனாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஜூலையில் வெயில் கொளுத்தியது. கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. ஆறாம் மாதத்திலும் டோர்தேக்கு வாந்தி நிற்கவில்லை. மீன் வாடை ஆகாது, கிழங்கு இறங்காது. வயிற்றில் தங்கியது ஒன்றே ஒன்று, அஸ்டாவின் கோல்ஸ்கோல். முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, மோரை ஊற்றி, வெனிலா சேர்த்து, எலுமிச்சைத் தோலைச் சீவிப் போட்டுக் குளிரவைப்பது. மேலே மொறுமொறு பிஸ்கோத்தை உடைத்துப் போட்டு, ஊறிப்போவதற்குள் கரண்டியால் வழித்துச் சாப்பிட வேண்டும். கோடை வந்தால் வீட்டுக்கு வீடு இதுதான். ஆனால் அஸ்டாவிடம் சொந்தக் கோழிகள் இருந்தன. கூடவே வாயும் இருந்தது. ஊர்க்கூடத்து விருந்துக்கு யாராவது கடையில் வாங்கியதைக் கொண்டுவந்தால், "அட்டைப்பெட்டி மோரா? பூனைக்கு ஊத்துங்க" என்பாள்.

அந்த மாதம் தினமும் மத்தியானம் நீலப் பீங்கான் தூக்குவாளியில் கோல்ஸ்கோல் வந்துவிடும். வாரம் இரண்டு தடவை அஸ்டா படகேறி அக்கரைக்கும் போய்வந்தாள். பல் டாக்டரிடம் என்றாள்.

"மறுபடியுமா அண்ணி? உங்களுக்கு எத்தனை பல்லுதான் இருக்கு?" என்று சீட்டுக் கூண்டுக்குள்ளிருந்து கேட்டாள் டோர்தே.

"உன் வாயில இருக்கறத விடக் கம்மிதான். சீட்டைக் கிழிச்சுக் குடு."

ஒரு புதன்கிழமை மருத்துவச்சி வயிற்றில் குழல் வைத்துக் கேட்டாள். துடிப்பு நன்றாக இருக்கிறது என்றாள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு டோர்தே பெருமையாகவே சொன்னாள்.

மருத்துவச்சி எழுதுவதை நிறுத்தினாள். "பச்சை முட்டையா? இப்பல்லாம் முட்டையில கிருமி வருதும்மா. காய்ச்சல், வயித்துப்போக்கு ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்லைங்க."

"அப்ப பயப்படாத. ஆனா இனிமே வேண்டாம். ஏதாச்சும் வந்தா உடனே கூப்பிடு."

பயப்படாதே என்று சொல்லிவிட்டால் பயம் போய்விடுமா? பதினோரு நாளாகக் குடித்தது அவ்வளவும் வயிற்றுக்குள் கல்லாகக் கிடப்பதுபோல் இருந்தது. அன்று வந்த தூக்கை அவள் திறக்கவே இல்லை. அக்காவிடம் சொல்லிவிடு என்றான் வெர்னர்.

"எப்படிச் சொல்றது? கிழங்குக்கே அந்தப் பாடு பட்டாங்க. உங்க முட்டையில விஷம்னு சொன்னா தாங்குவாங்களா?"

மறுநாள் காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. வழக்கமாகக் காப்பி வாசனைக்கே ஒரு புரளல் இருக்கும். மணி பதினொன்றைத் தாண்டியதும் டோர்தே மருத்துவச்சிக்குப் போன் போட்டாள்.

"குளிர்ச்சியா, இனிப்பா ஏதாச்சும் குடிச்சிட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. ஒரு மணி நேரம் பாரு. அசையலைன்னா கிளம்பி வந்துடு."

குளிர்ச்சியாக, இனிப்பாக வீட்டில் இருந்தது அந்தத் தூக்கு ஒன்றுதான். கை அதை எடுத்துவிட்டது, மனசு ஒப்பவில்லை. கழுவு தொட்டியில் கவிழ்த்தாள். மோர் வெள்ளையாக வழிந்துகொண்டிருக்கும்போதே பின்கதவு திறந்தது. புதுத் தூக்கோடு அஸ்டா நின்றாள்.

"ஏன்டி, என் கைப்பண்டம் சாக்கடைக்கா?"

டோர்தேக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அண்ணி... பச்சை முட்டை ஆகாதாம். பிள்ளை காலையிலேர்ந்து அசையல."

அஸ்டா தூக்கை மேசையில் வைத்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மெதுவாகச் சொன்னாள்: "இதுல பச்சை முட்டை இல்லடி."

"என்னைத் தேத்துறதுக்குச் சொல்றீங்க."

"ஐயோ, நிஜமாத்தான். இந்த வெயிலுக்கு என் கோழி ஒண்ணும் முட்டை போடல. வாயைப் பொளந்துக்கிட்டு நிழல்ல கிடக்குதுங்க. கடையில வாங்கினேன். அட்டைப்பெட்டி."

"நீங்களா? அட்டைப்பெட்டியா? நான் நம்ப மாட்டேன்."

அஸ்டா டோர்தேயின் கையைப் பிடித்து இரண்டு வீடு தள்ளியிருந்த தன் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தக்காளி நாற்றுக்கு ஆகுமே என்று கழுவிக் கவிழ்த்த அட்டைப்பெட்டிகள் பலகைமேல் வரிசையாக இருந்தன. எதையும் தூக்கிப்போட மனசு வராதவள் அஸ்டா. டோர்தே ஒவ்வொன்றாக எடுத்து விரலை வைத்துப் படித்தாள். முட்டையும் பாலும் சூடுகாட்டிக் கிருமி நீக்கியவை என்று எல்லாவற்றிலும் அச்சடித்திருந்தது. தேதியும் அந்தப் பதினோரு நாளோடு பொருந்தியது.

"அப்ப பல் டாக்டர்?"

"பல்லுக்கு என்ன கேடு? இங்க கடையில வாங்கினா சாயங்காலத்துக்குள்ள தீவு பூராவும் தெரிஞ்சிடாதா? மேல எலுமிச்சையை மட்டும் சீவிப் போட்டேன், நீ கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு."

கொட்டகை மூலையில் இருந்த குளிர்பெட்டியிலிருந்து பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். டோர்தே அதன் எழுத்தையும் படித்துவிட்டுத்தான் மூலையைக் கிழித்தாள். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அப்படியே வாயில் ஊற்றிக் குடித்தாள். பிறகு தரையில் சாக்கைப் போட்டு இடது பக்கம் சாய்ந்தாள். அஸ்டா பக்கத்தில் மண்டியிட்டு அவள் வயிற்றில் கை வைத்தாள். வெளியே ஒரு கோழி கொக்கரித்தது.

"இப்ப என்ன கூவல்? மூணு வாரமா எங்க போன?" என்று அஸ்டா அதை அதட்டினாள்.

எவ்வளவு நேரம் போனதோ, இருவரும் மணி பார்க்கவில்லை. முதலில் மீன் வாலடித்த மாதிரி ஒன்று. பிறகு சட்டைத் துணியே தூக்கிக்கொள்ளும்படி ஓர் உதை.

அஸ்டா கையை எடுக்காமலே அழுதாள். "அட்டைப்பெட்டி மோருக்கு உதைக்குது பாரு. வெட்கங்கெட்டது!"

அன்றே மருத்துவச்சியிடம் போய்க் குழல் வைத்துப் பார்த்தார்கள். குறை ஒன்றுமில்லை. ஆனாலும் டோர்தேயின் பயம் முழுசாக விடவில்லை. அக்டோபரில் பெண் பிறக்கும்வரை, எந்தப் பெட்டியையும் எழுத்துப் படிக்காமல் அவள் திறந்ததில்லை. அந்த ஆகஸ்டில் ஊர்க்கூடத்து விருந்து நடந்தது. யாரோ அட்டைப்பெட்டியை மேசையில் வைத்ததும் பெண்கள் எல்லாரும் அஸ்டாவின் வாயைப் பார்த்தார்கள். அவள் டோர்தேயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் கிண்ணத்தை முதல் ஆளாக நீட்டினாள்.