மினுங்காத கறுப்பு

கல்முனைக்குடியில் கலியாண வீட்டுப் பெண்கள் அறைக்குள் கேமராவோடு போகிற ஆள் முஸ்பிறாதான். ஆண் படக்காரர்கள் மாப்பிள்ளையையும் சோற்றுச் சஹன் தட்டையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் நிற்க, இவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவாள். எடுத்த படம் பெண்ணின் கைக்குத்தான் போகும், வேறெங்கும் போகாது என்பது அவள் கொடுக்கும் வாக்கு. அந்த ஒரு வாக்கை நம்பித்தான் பெண்கள் அவள் முன்னால் முக்காட்டை எடுக்கிறார்கள். பதினொரு வருடத்தில் ஒரு படம்கூட வெளியே போனதில்லை.

அவளுடைய சாமான்கள் எல்லாம் கறுப்பு, எல்லாம் பழசு. கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்த முக்காலி, இரண்டு லைட் ஸ்டாண்ட். கறுப்புச் சுரண்டுப்பட்ட இடமெல்லாம் உள்ளே இருக்கும் உலோகம் பல்லை இளிக்கும். நிலைக்கண்ணாடி இல்லாத பெண் அறை எங்கே இருக்கிறது? அந்தக் கீறல் கண்ணாடியில் மின்னி, படத்தில் பெண்ணின் தோளுக்குப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளியாக வந்து குந்திக்கொள்ளும். ஹாட்வெயார் கடைக் கறுப்புப் பெயின்டைப் பூசிப் பார்த்தாள். அது தார் அப்பியதுபோலத் திரண்டு, முன்னைவிட மோசமாக மினுங்கியது. கடைசியில் கைகொடுத்தது மினுங்காத கறுப்பு கியூட்டெக்ஸ். கீறலை ஸ்பிரிட்டால் துடைத்து, நைசான உரைதாளால் ஓரத்தை மெல்லத் தடவி, இழுக்காமல் புள்ளி புள்ளியாக வைப்பாள். காய்ந்த பிறகு இன்னொரு தரம். இரும்புக்கெல்லாம் மேக்கப் போடுகிறாயே, என் மோட்டார் சைக்கிள் என்ன பாவம் செய்தது என்று கணவன் ஸாஜித் கேலி செய்வான்.

ஆனால் நகப்பூச்சு நகப்பூச்சுதான். தொழுகிற பெண் அதைத் தொடமாட்டாள். பூச்சுக்கு அடியில் தண்ணீர் போகாது, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு சேராது. அதனால் கடையில் வாங்கும்போது முஸ்பிறா கையை அபாயாவுக்குள் இழுத்துக்கொண்டு, திருடியவள் மாதிரி வெளியே வருவாள். எதற்கு வாங்குகிறாள் என்று கணவனைத் தவிர ஊரில் ஒருவரிடமும் சொல்லி வைக்கவில்லை. அங்கேதான் பிழை விட்டாள்.

போன மாதம் கலியாணப் பெண் ஆதிலாவுக்கு மருதோன்றி இடும் நாள். ஆதிலாவின் உம்மா நஸீறா பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பெண்கள் அவரிடம் ஓதியவர்கள். அவர் ஒரு சொல் சொன்னால் திறக்கிற கதவும் உண்டு, மூடுகிற கதவும் உண்டு. பகல் இரண்டரை மணி. மகளின் முக்காட்டை நஸீறா எடுத்துக்கொண்டிருந்தபோது, லென்ஸ் துடைக்கும் துணியைப் பையிலிருந்து இழுத்தாள் முஸ்பிறா. கூடவே கறுப்புப் போத்தலும் வந்து விழுந்து, உருண்டு, நஸீறாவின் காலடியில் போய் நின்றது.

நஸீறா முதலில் மகளின் முக்காட்டை மறுபடி இழுத்துவிட்டார். பிறகுதான் குனிந்து போத்தலை எடுத்தார்.

"இது ஆருட?"

"என்ட ராத்தா. ஸ்டாண்டுல கீறல் விழுந்தா அதுக்குப் பூசுற."

இரும்புக்கும் கியூட்டெக்ஸா என்று மூலையில் ஒருத்தி சிரித்தாள். நஸீறா சிரிக்கவில்லை.

"கையக் காட்டுங்க புள்ள."

முஸ்பிறா கையை நீட்டப் போனாள், பாதியில் நின்றாள். வலது பெருவிரல் நகத்தின் ஓரத்தில் எள்ளளவு கறுப்பு. காலையில் ஸ்டாண்டுக்குப் பூசும்போது பட்டிருக்கிறது. விரலைக் கொஞ்சம் மடக்கினால் போதும், ஒருவர் கண்ணிலும் படாது, வேலையும் தப்பிவிடும். ஆனால் ஒரு புள்ளியை மறைக்கிறவள் படங்களைப் பற்றிக் கொடுக்கும் வாக்குக்கு என்ன பெறுமதி? அதை அவளே நம்பமாட்டாள்.

விரலை நிமிர்த்தி நீட்டினாள்.

"இதுல ஒண்டு இரிக்கு ராத்தா. காலையில பூசக்குள்ள பட்டிருக்கு, நான் காணல்ல. பகல் ளுஹரையும் இதோடதான் தொழுதிருக்கன்."

நஸீறா அந்த விரலைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். தன் நகத்தாலேயே புள்ளியைச் சுரண்டி எடுத்தார். கொஞ்சம் நேரம் பிடித்தது.

"வக்து இன்னம் இரிக்கு, திருப்பித் தொழலாம்," என்றார். "ஒளுச் செஞ்சிட்டு வாங்க."

குழாயடியில் நகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள் முஸ்பிறா. அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. முகம் கழுவுகிற தண்ணீரோடு அதுவும் போய்விட்டது. திரும்பி வந்தபோது உள்ளறையில் முசல்லாப் பாய் விரித்திருந்தது. தொழுது முடித்து, ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பெண் அறைக்குப் போனாள்.

ஆதிலா முக்காட்டை எடுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் காத்திருந்தாள். நஸீறா எழுந்துபோய்த் தானே கதவைச் சாத்தினார்.