மெயினை அணைக்கச் சொன்ன அக்கா

"உங்கக்கா பரீட்சை நடுவுல கரண்டையே அணைக்கச் சொல்றாளாம். தன் வேலைக்குத் தானே வேட்டு வச்சுக்கப் போறா." யாரோ சொல்லக் கேட்டதாகச் சித்தப்பா போனில் சொன்னார். கடல் கடந்து இருக்கிறவனுக்கு இது போதாதா? தட்டைத் தள்ளி வைத்தேன். உடனே அக்காவை அழைத்தேன்.

"ஆமாடா, சொன்னேன்" என்று சிரித்தாள்.

அக்கா கம்ப்யூட்டர் டீச்சர். இந்த ஆண்டிலிருந்து இறுதித் தேர்வு கணினியில். தங்கள் பள்ளியையே தேர்வு மையமாக்க அலையாய் அலைந்து அனுமதி வாங்கியவள் அவள்தான். முதல் தேர்வே சொதப்பினால் மையம் பறிபோகும். பிள்ளைகள் அடுத்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டும்.

பிள்ளைகளைவிட ஆசிரியர்களைப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. முதல் ஒத்திகையில் மணி அடித்ததும், 'கறார்' சார் என்று பேரெடுத்த கணக்கு வாத்தியார் வழக்கம்போல "பேனாவைக் கீழ வை!" என்று அதட்டினார். எல்லோரும் மவுஸை விட்டுவிட்டார்கள். யாரும் ஒரு வரிகூடச் சேர்த்துவிடக் கூடாதே என்று, ஓடிப்போய் மெயினையும் அணைத்தார். ஒருவரும் விடைகளைச் சமர்ப்பித்திருக்கவில்லை. பாதி வகுப்பு அழுதுவிட்டது. சாருக்கு முகம் செத்துப்போனது.

அக்கா கத்தவில்லை. மெயினைப் போட்டாள். கடைசியாகத் தொட்ட விடைவரை எல்லாம் தானாகவே சேமிக்கப்பட்டு அப்படியே இருந்தன. திரையிலிருந்த கடிகாரமும் மீதி நொடிகளோடு நின்ற இடத்திலேயே காத்திருந்தது.

"சார், இனி ஒவ்வொரு ஒத்திகையிலயும் நடுவுல நீங்கதான் அணைக்கணும்."

"என்னை வச்சுக் காமெடி பண்றியாம்மா?"

"இல்ல சார். நீங்க அணைச்சு, விடையெல்லாம் திரும்பி வந்தாத்தான் இதுங்க பயம் போகும். உங்களுக்கும் தூக்கம் வரும்."

அப்புறம் திரை இருண்டால் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகிவிட்டார்கள். வாயாடி ஒருத்தி, "சார், இன்னொரு தடவை அணைங்க, விடை யோசிக்கணும்" என்றாளாம். கறார் சாரே சிரித்துவிட்டாராம். அணைத்த கதைதான் ஊர் வாய்க்குப் போனது. விடை திரும்பி வந்த கதை போகவில்லை.

இன்று நிஜத் தேர்வு. சற்றுமுன் சித்தப்பாவின் செய்தி: "இங்க மழை. ஊர் பூரா கரண்ட் இல்ல."

அக்காவை அழைத்தேன். மணி போகிறது. தேர்வறைக்குள் போன் கூடாது என்பது அவளே போட்ட சட்டம்; எல்லோருடைய போனும் வாசலில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். தெரிந்தும் மறுபடி அழைக்கிறேன். ஆனால் உள்ளே ஒரு பிள்ளையும் அழாது. ஜெனரேட்டர் உறுமும்வரை கை கட்டிக் காத்திருக்கும். "பதறாதீங்க, எல்லாம் வரும்" என்று கறார் சாரே சொல்லிக்கொண்டிருப்பார். என் அக்கா பழக்கியவர்கள் அல்லவா!

மணி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.