நாற்பது படகுக்கான பாட்டு வரிசை

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து, நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டே மாமா சொன்னார்: "காலம் மாறிப்போச்சு. மச்சான்தான் மாறல." சுற்றியிருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். மாமா என்பது என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. மச்சான் என்று அவர் சொன்னது என் அய்யாவை. பாம்பனில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு வருஷம் பாட்டுக்கடை வைத்திருந்துவிட்டு, இன்றைக்கு ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிற என் அய்யாவை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெரியம்மா, "என்னத்தா, கறி காரமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

அய்யா மாறவில்லையாம். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் இப்படிச் சொல்ல வரும்! கேசட் காலத்தில் இரண்டு டெக் வைத்துப் பதிந்து கொடுத்தவர், சிடி வந்ததும் தெருவிலேயே முதல் ஆளாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். கையில் இருந்த கேசட்டையெல்லாம் ராத்திரி பகலாக அதில் ஏற்றினார். சிடி போய் செல்போனுக்கு மெமரி கார்டு வந்தபோது கார்டிலும் பாட்டு ஏற்றிக் கொடுத்தார். இதற்குமேல் ஒரு மனுஷன் எப்படி மாறுவான்?

ஆனால் கடை நிலைத்து நின்றது இதனால் மட்டும் இல்லை. ராமநாதபுரத்தில் பெரிய பெரிய கடைகள் இருந்தன, விலையும் குறைவு, அட்டையும் பளபளப்பு. அப்படியிருந்தும் எங்கள் பக்கத்துப் படகுக்காரர்கள் அய்யாவிடம்தான் வருவார்கள். காரணம் வரிசை.

விசைப்படகில் வலையைப் போட்டு இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டே போவார்கள். டிரைவர் மட்டும் விழித்திருப்பார், மற்றவர்கள் கிடைத்த இடத்தில் சுருண்டு தூங்குவார்கள். நேரம் வந்ததும் எழுந்து வலையைத் தூக்க வேண்டும். தாமதமானால் வலையின் அடிப்பையான மடி நிறைந்து, உள்ளே இருக்கிற இறால் நசுங்கிப்போகும், நசுங்கின இறாலை வியாபாரி தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான். ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் போய் ஒவ்வொருத்தனையும் உலுக்க டிரைவரால் முடியாது. எஞ்சின் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது, படகு ஸ்பீக்கரில் ஓடுகிற பாட்டு மட்டும்தான் கேட்கும். இதற்கு அய்யா ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தந்தப் படகு எவ்வளவு நேரம் இழுக்கும் என்று கேட்டுக்கொண்டு, சரியாக அந்த நேரத்துக்குப் பாட்டுகளை அடுக்குவார். வலை போடும்போது துள்ளல் பாட்டு, பிறகு மெல்ல இறங்கித் தூங்க வைக்கிற பாட்டு, கடைசியில் அந்தப் படகின் ஆட்கள் தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு பாட்டு. அதற்கு எழுப்புப் பாட்டு என்று பெயர். அது தொடங்கினால் எப்பேர்ப்பட்ட தூக்கத்தில் இருந்தாலும் கை தானாகக் கயிற்றைத் தேடும் என்பார்கள். ஒரு படகுக்கு மாதா பாட்டு, இன்னொன்றுக்குக் குத்துப் பாட்டு. நாற்பது படகுக்கு நாற்பது வரிசை. மீன்பிடித் தடைக்காலத்தில் கடல் மூடியிருக்கும்போது டிரைவர்கள் கடையில் வந்து உட்கார்ந்து, அதை மாற்று, இதைச் சேர் என்று சண்டை போட்டுப் புது வரிசை போட்டுக்கொள்வார்கள். தடை முடிந்து கடலுக்குப் போகிற நாளுக்கு முந்தின நாள்தான் எங்கள் கடைக்குத் தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம்.

அய்யா ஏற்றிக் கொடுத்த பாட்டில் ஒன்றுகூட அய்யாவின் சொந்தப் பாட்டு கிடையாது, எல்லாம் ஊரான் பாட்டு. அது எனக்கும் தெரியும். வரிசை மட்டும் அவருடையது.

எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது மாமா சென்னையிலிருந்து திரும்பி வந்து, எங்கள் கடைக்கு நேர் எதிரே ரீசார்ஜ் கடை போட்டார். ஆயிரம் பாட்டு ஒரே கார்டில், வாங்க வாங்க என்று ஸ்பீக்கரில் கத்தினார். இரண்டு மாதம் எங்கள் கடையில் ஈ ஓட்டினோம். பிறகு ஒவ்வொருத்தராகத் திரும்பி வந்தார்கள். ஆயிரம் பாட்டில் எந்தப் பாட்டும் யாரையும் எழுப்பவில்லையாம். ஒரு படகில் எல்லாரும் தூங்கி, டிரைவரும் பாட்டில் சொக்கிப்போய், ஒரு மடி இறால் கூழாகிவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லிக் கடையில் சிரித்தார்கள். அய்யா சிரிக்கவில்லை. "மச்சினன் புதுசா தொழில் பாக்குறான், போகப் போகப் படிச்சுக்கிருவான்" என்றார். படித்துத்தான் கொண்டான்.

இனி என் கதைக்கு வருகிறேன். வரிசை தொடங்கும்போது, இது இன்ன படகுக்கு என்று ஒரு குரல் சொல்லும். எழுப்புப் பாட்டுக்கு முன்னால், "எந்திரிங்க, வலை தூக்குற நேரமாச்சு" என்று அதே குரல் வரும். அது என் அண்ணன் குரல். அந்த வருஷம் அவனுக்குக் குரல் உடைந்து, சகாய மாதா என்று படகுப் பெயரைத் தொடங்கினால் மாதாவுக்குள் மூன்று தடவை கீச்சிட்டது. நானோ மாதா கோயிலில் வாசகம் வாசிப்பவள், பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் டிபன் பாக்ஸ் வாங்கினவள். இந்தத் தடவை நான் சொல்கிறேன் அய்யா என்று கேட்டேன்.

"பொட்டப்புள்ள குரல்ல படகுப் பேரச் சொன்னா ஓட்டுறவன் ஏத்துக்கிற மாட்டான்த்தா" என்றார்.

கடலுக்குக் கிளம்புகிற படகில் எங்கள் ஊரில் பெண்கள் கால் வைக்கக் கூடாது, வலையைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கில் என் குரலும் படகில் ஏறக் கூடாது. அப்படியானால் உங்கள் கார்டில் பாதிக்குப் பாதி பாடுவது பொம்பளைகள்தானே, அவர்களெல்லாம் யார் படகில் ஏறிப் பாடுகிறார்கள் என்று கேட்டேன். அய்யா விழுந்து விழுந்து சிரித்தார். கடையில் இருந்த இரண்டு டிரைவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பதில் சொல்லத் தெரியாதபோது பெரியவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. அதற்குப் பதில் அவர் என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம், எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு அய்யா மேல் கோபம்தான் வருகிறது, மறைக்க என்ன இருக்கிறது?

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். எதிர்க் கடையில் இருந்த மாமா என்ன விஷயம் என்று கேட்டார், நான் கொட்டித் தீர்த்தேன். அவர் ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துவிட்டு, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். என் வீட்டில் அதுவரை யாரும் நான் சொன்னதை அப்படி முழுசாகக் கேட்டதில்லை.

"உங்கய்யா கெடக்கார் மருமகளே. இங்கன மைக் இருக்கு. நீ சொல்லு, நான் பதிஞ்சு தாரேன். எல்லாப் படகுக்கும் உன் குரல்லயே போட்டு, கடலுக்குப் போற அன்னைக்கு உங்கய்யா கையில குடுப்போம். மனுஷன் அசந்து போயிருவார்" என்றார்.

பிறகு, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல, பாட்டு இல்லாமல் குரலை எங்கே சேர்ப்பது என்றார். அய்யாவின் பென் டிரைவைக் கொண்டுவந்தால் அரை மணி நேரத்தில் திருப்பித் தந்துவிடுவாராம். அந்தப் பென் டிரைவில்தான் நாற்பது படகின் வரிசையும் இருந்தது. கல்லாவுக்கு மேலே மாதா படத்து ஆணியில், செபமாலையோடு சேர்த்துத் தொங்கவிட்டிருப்பார் அய்யா. மத்தியானம் அவர் சாப்பிடப் போனபோது கடையைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். திருடுகிறோம் என்றே தோன்றவில்லை, அய்யாவுக்கு நல்லது செய்யப்போகிற பெருமைதான். அரை மணி நேரத்தில் அது ஆணிக்குத் திரும்பிவிட்டது. மறுநாளும் அதற்கடுத்த நாளும், பள்ளிக்கூடம் லீவுதானே, விளையாடப் போவதுபோல மாமா கடைக்குப் போய், உள்ளறையில் மைக்கைப் பிடித்து நாற்பது படகின் பெயரையும் சொன்னேன். ஒரு பெயர்கூடத் தடுமாறவில்லை. போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, அன்னைக்குக் கேட்டால்தான் ருசி என்று மாமா சொல்லிவிட்டார். என் வாயைக் கட்டிப்போட அதுவே போதுமாக இருந்தது.

தடை முடிந்து படகுகள் கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் காலையில், அய்யா நாற்பது கார்டையும் பிஸ்கட் டின்னில் அடுக்கி, ஒவ்வொன்றின் உறையிலும் படகுப் பெயர் எழுதித் தயாராக வைத்திருந்தார். ஒரு சாம்பிராணியும் கொளுத்தினார். எட்டு மணியானது, ஒன்பதானது, பத்தானது. எதிர்க் கடையில் மொய்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாம் எங்கள் ஆட்கள். தடைக்காலம் முழுக்க எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துப் பாட்டுக்குச் சண்டை போட்டவர்கள். ஒருத்தராவது இந்தப் பக்கம் திரும்ப வேண்டுமே! அய்யா டின்னைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

கடைசியில் சகாய மாதா டிரைவர் மட்டும் ரோட்டைத் தாண்டி வந்தார். அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. அங்கன பாதி வெலைக்குத் தாராக. அதே பாட்டு, அதே வரிசை. நீங்கதான் உங்க மச்சினனுக்குக் குடுத்தீகன்னு நெனச்சோம்" என்றார். சொல்லிவிட்டுத் தன் போனில் கார்டைப் போட்டு அழுத்தினார்.

"இது சகாய மாதா படகுக்கு" என்று ஒரு பெண்பிள்ளை சொன்னது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. யாரோ சளி பிடித்த பிள்ளை மூக்கால் பேசுவதுபோல இருந்தது. பிறகுதான் அது நான் பேசினது என்று புரிந்தது. அய்யா போனைக் காதருகே கொண்டுபோனார். ஒருமுறை கேட்டார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். எழுப்புப் பாட்டு வரைக்கும் தள்ளிப்போய், வலை தூக்குற நேரமாச்சு என்பதையும் கேட்டார்.

"புள்ள கொரலு கணீர்னு இருக்குல்ல? எந்தச் சனியனும் இதுக்கு எந்திரிச்சிருவான்" என்றார் டிரைவர்.

"ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்றார் அய்யா.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. எனக்கே என் குரல்போல இல்லையே, அவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். தன் குரலைப் பதிவில் கேட்டால் தனக்கு மட்டும்தான் அது அந்நியமாக இருக்கும், மற்றவர் காதுக்கு அது அச்சு அசலாக நாமேதான் என்று பதினோரு வயதில் எனக்கு யார் சொன்னார்கள்? காலேஜில் முதன்முதலாக வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பி, இது நான் மாதிரியே இல்லையே என்று தோழிகளிடம் சொன்னேன். இதென்ன கூத்து, இது நீயேதான் என்று அவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு ஹாஸ்டல் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் எதற்கு அழுதேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்த டின்னில் நாற்பது கார்டும் அப்படியே இருந்தன. அய்யா ரோட்டைத் தாண்டிப் போய் மாமாவின் சட்டையைப் பிடிப்பார் என்று எதிரே நின்றவர்கள் எதிர்பார்த்தார்கள். பிடித்திருந்தால் மாமா என் பெயரைச் சொல்லியிருப்பார், ஊர் நடுவே, அத்தனை டிரைவர்கள் முன்னாலும் சொல்லியிருப்பார். அய்யா போகவில்லை. கடைக் கதவைச் சாத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் வரைக்கும் தாக்குப்பிடித்தார், அதன்பிறகு அந்தக் கதவு திறக்கவில்லை.

விஷயம் எங்களுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கூடப்பிறந்தவனைத் திட்டவும் முடியாமல், திட்டாமல் இருக்கவும் முடியாமல், கடைசியில் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, உண்மையச் சொல்லு, நீதான தூக்கிக் குடுத்த?" அண்ணன் மாதா மேல் சத்தியம் செய்தான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அவன ஏன் கேக்குற?" என்றார் அய்யா. "கம்ப்யூட்டர ரிப்பேருக்குக் குடுத்தேன்ல, அங்கன எவனோ எடுத்து வித்துருக்கான்."

கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த வரிசைகள் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதையெல்லாம் யோசிக்க எனக்கு அப்போது புத்தி இல்லை. தப்பித்தோம் என்கிற ஒரே நினைப்புதான். போதாததற்கு, அந்த ரிப்பேர்க் கடைக்காரன் நாசமாய்ப் போக, அவன் கையில் புழு வைக்க என்று நானும் சத்தம் போட்டு ஏசினேன்.

அந்தக் கார்டைக் கேட்டபிறகு முதன்முறையாக அய்யா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சரி, விடுத்தா, அவனத் திட்டாத" என்றார். பாவம், அய்யாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டினேன்.