பிக்சர் டியூப்பின் கழுத்தில் சந்தனம்

1. ஆனி மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின.
2. அதன் பிறகு, டிவியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொல்லும்போது மட்டும் அப்பாவும் திருப்பி வணக்கம் சொன்னார். வேறு எந்தச் சொல்லும் வரவில்லை.
3. புரட்டாசியில் டிவி இருண்டது. அப்பாவின் அந்த ஒரு சொல்லும் நின்றது.
4. நான் விழுப்புரம் போய்ப் பார்ட் வாங்கிவந்து மாற்றினேன். படம் வந்தது.
5. மறுநாள் ஆயுத பூஜை.

படம் போன பிறகும் டிவியில் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தம் அப்பாவுக்குப் போதவில்லை. ரேடியோவை வைத்துப் பார்த்தோம், பேசாமல் கிடந்தார். எதிரில் உதடு அசைந்தால்தான் அவருடைய உதடும் அசைந்தது. அம்மாவும் நானும் முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொல்லிப் பார்த்தோம். எங்களைப் பார்த்தால் அழுகைதான் வந்தது அவருக்கு.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். பின்மூடியைக் கழற்றியதுமே தெரிந்தது, திரைக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் ஈ.எச்.டி. டிரான்ஸ்பார்மர் போயிருந்தது. திண்டிவனத்தில் கிடைக்கவில்லை. பஸ் ஏறி விழுப்புரம் போனேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது பூ கட்ற வேலை இல்லம்மா. மெக்கானிக்க அனுப்பு."

"நாந்தாங்க மெக்கானிக்கு."

"அப்ப ஷாக் அட்ச்சா எங்கிட்ட வந்து கேக்கக்கூடாது" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே மாற்றினேன். முதலில் ஒரு கோடு, பிறகு சாம்பல் நிறம், பிறகு முகம். செய்தி வாசிப்பவர் வணக்கம் என்றதும் அப்பா இடது கையைத் தூக்கினார். "வண..." என்றார். சற்றுப் பொறுத்து, "க்கம்" என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

புதுப் பார்ட் போட்டால் இரண்டொரு நாள் ஓடவிட்டுச் சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். அதனால் பின்மூடியை நான் போடவில்லை. உயிர்போகும் கரண்ட் உள்ளே இருக்கிறது, பிளக்கைப் பிடுங்காமல் யாரும் கிட்டே போகக் கூடாது என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் காலை பொரிகடலை வாங்கப் போய்த் திரும்பினேன். என் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் பலகையில் வரிசையாகச் சந்தனம், குங்குமத்தோடு இருந்தன. அம்மா டிவியின் பின்னால் நின்றிருந்தாள். பிளக்கைப் பிடுங்கியிருந்தாள். கையில் ஈரத்துணி.

"தொடச்சிக்கினே இருந்தேன்டி. 'ஸ்'ஸுனு ஒரு சத்தம் வந்துது. இன்னா அது?"

திரைக்குப் பின்னால் நீளும் பிக்சர் டியூப்பின் கழுத்து விரலளவுதான் தடிமன், கண்ணாடியும் மெல்லிசு. குத்துவிளக்கைத் துடைப்பதுபோல் அழுத்தித் துடைத்திருக்கிறாள். அதன்மேல் சந்தனப் பொட்டு ஈரமாக இருந்தது. கண்ணாடிக்குள் வெள்ளி பூசியதுபோல் இருக்கவேண்டிய இடம் பால் நிறமாகிவிட்டிருந்தது. காற்றே இருக்கக்கூடாத டியூப்புக்குள் காற்று புகுந்துவிட்டது.

"அதுக்கு எதுக்கும்மா பொட்டு?"

"உன் கையி வேலை செஞ்ச எடம்டி. அதுக்கு வெக்காம வேற எதுக்கு வெப்பேன்?"

நான் பின்மூடியை எடுத்து மாட்டத் தொடங்கினேன்.

"இன்னொரு தபா அந்த பார்ட்ட மாத்திடேன்" என்றாள்.

"டியூப்பே போச்சும்மா. ஒட்ட முடியாது."

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு அதையே மறுபடி எடுத்துப் பிழிந்தாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாடி, இஞ்சினீரு வூட்லயே டிவி ஓடலியா? நேத்து ஓடுச்சே?"

"ஆயுத பூஜை இல்ல? அதுக்கும் ரெஸ்ட்டு" என்றாள் அம்மா. அவர் சிரித்துவிட்டுப் போனார்.

செய்தி நேரத்துக்கு நான் டிவியைப் போட்டேன். வணக்கம் என்று சத்தம் மட்டும் வந்தது. அப்பா கறுத்த கண்ணாடியையே பார்த்தார். கை பாதி எழுந்து படுக்கையில் விழுந்தது. பிறகு, வராத படத்துக்குத் தானே காரணம் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அந்த அளவு டியூப் விழுப்புரத்தில் இல்லை. மெட்ராஸிலிருந்து வரவழைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். மார்கழி பிறந்துவிட்டது. டியூப் வரவில்லை. அப்பா பேசுவதில்லை, இப்போது முகத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பியே படுத்திருக்கிறார். டிவியை நாங்கள் போடுவதில்லை.