ஓடாத வண்டியின் மீட்டர்

கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். வந்தவர் முகத்தில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னது தெளிவா" என்று சலிக்காமல் கேட்பார். அந்தப் பொறுமையெல்லாம் ஷட்டர் இறங்கும்வரைதான். அப்புறம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகைக்கு ஓடிவிடுவார். பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியம்.

அந்தப் பைத்தியத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு, தங்கையின் கணவர். பஸ் டிரைவர். "என்னையா பொண்ணு பாக்க வந்தாரு, உன் கொட்டகையப் பாக்கத்தான வந்தாரு" என்று தங்கை இன்றும் இருவரையும் சேர்த்துக் குத்துவாள்.

பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரே மாடல் வண்டிகள் இரண்டை எலும்புக்கூடாக வாங்கிவந்து கொட்டகையில் நிறுத்தினார்கள். டிரைவருடையது முதலில் உயிர் பெற்றது. கண்ணாடிக்காரருடையது கார்புரேட்டர் கிடைக்காமல் நின்றது. அந்தச் சமயத்தில்தான் டிரைவர் பஸ்ஸை டிப்போவில் நிறுத்திவிட்டு இறங்கும்போது விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

'சும்மா போட்டுப் பார்க்கத்தானே' என்றுதான் கண்ணாடிக்காரர் மாப்பிள்ளை வண்டியிலிருந்து கார்புரேட்டரைக் கழற்றித் தன் வண்டியில் போட்டார். அது முதல் உதையிலேயே எழுந்துகொண்டது. பிறகு கை சும்மா இருக்குமா? தீப்பொறி தருகிற மேக்னெட்டோ வந்தது. சீட் வந்தது. கடைசியாக ஸ்பீடோமீட்டர். லீவு நாட்களில் மலைப்பாதை வரைக்கும் போய்வந்தார். தங்கை வீட்டுத் தெருவை மட்டும் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவார்.

ஒருநாள் தங்கை கடைக்கே வந்தாள்.

"அண்ணா, உன் மாப்பிள்ளை கோல் ஊனி நடக்கிறாரு. நடக்க ஆரம்பிச்சதும் சண்டையும் ஆரம்பிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை வண்டியப் பாத்தே ஆகணுமாம்."

லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை அவர் கீழே வைத்தார்.

"என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? சந்தோஷமா இல்லையா உனக்கு?"

"சந்தோஷம்தாம்மா."

பொய்யில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு நொடி முன்னால், எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டுமே என்ற எரிச்சல் வந்துவிட்டிருந்தது. தனக்குள் வந்த அந்த எரிச்சலை அவரே பார்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினார். மொட்டையாகிவிட்ட தன் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூலையில் தள்ளினார்.

டிரைவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். தங்கை வீட்டுக்குள் போய்விட்டாள். டிரைவர் இடது கையால் டேங்கைத் தடவினார். பிறகு, பஸ்ஸில் ஏறியதும் செய்கிற பழக்கம்தான், குனிந்து மீட்டரைப் பார்த்தார். நிமிரவேயில்லை.

"மச்சான், இந்த வண்டி இங்கயேதான நின்னுது?"

"ஆமா மாப்ள."

"மீட்டர் ஓடியிருக்கே."

கழற்றிய திருகுகளைக்கூட எண்ணெய் தடவிப் பூட்டியவருக்கு, தன் வண்டியில் போன தூரமெல்லாம் மாப்பிள்ளையின் மீட்டருக்குள் சேர்ந்துகொண்டே வந்தது தோன்றவில்லை. மூலையில் இருந்த தார்ப்பாயை விலக்கிக் காட்டினார்.

டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "என்னென்னடா எடுத்த?"

சொன்னார்.

"சரி, கார்புரேட்டர் இல்லாம ஓடாது. மேக்னெட்டோ இல்லாம ஓடாது. சீட்டுகூட வேணும், ஒத்துக்கிறேன். மீட்டர் எதுக்குடா? அது இல்லாமலும் ஓடுமே."

"மத்ததெல்லாம் திருப்பித் தரணும்னு நெனச்சுத்தான் எடுத்தேன்."

"மீட்டர்?"

"உன்னை வந்து பாத்தேனே, வாய்ல வெச்ச தண்ணியெல்லாம் சட்டையில வழிஞ்சுது. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் கழட்டினேன்."

டிரைவர் தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கெல்லாம் போன?"

"மலைப்பாதை."

"அந்தப் பெரிய இறக்கம்? எந்த கியர்ல வந்த?"

"மூணாவதுல."

"முட்டாள். ரெண்டுல இறங்கணும். நானா இருந்தா ரெண்டுலதான்..." பாதியில் நிறுத்திக்கொண்டார். நாலு திட்டு திட்டினால் தேவலை என்றிருந்தது கண்ணாடிக்காரருக்கு.

"என்னைத் தூக்கி உக்கார வை."

அக்குளில் கைகொடுத்து ஏற்றினார். செயலற்ற காலை மறுபக்கம் எடுத்து வைத்தார். வண்டி ஸ்டாண்டில் அசையாமல்தான் நின்றது. ஆனாலும் டிரைவரின் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றார்.

"கையை எடு."

"விழுந்துடுவ மாப்ள."

"அத நீ முடிவு பண்ணாத. எடு."

எடுத்தார். எடுத்த கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பின்னாலேயே நின்றார்.